முதல் சுற்றில் ஒரே ஒரு சொல்

கடல் இறங்கிவிட்டது என்று சங்கு ஊதியதும் வெயிலுமுத்து, கலவையை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறினான். மேட்டுநகரத்தில் எல்லா நாளும் வேலை இப்படித்தான் தொடங்கும். உப்பளங்கள் இருந்த இடத்துக்குக் கடல் வந்துவிட்ட பிறகு தூண்களின் மேல் எழுப்பிக்கொண்டிருக்கிற ஊர் அது. சுவர்களை அச்சு இயந்திரம் அடித்துக்கொண்டே போகும். ஒரு வீட்டுச் சுவருக்கு அரை நாள் போதும். தளம் மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. உப்புக்காற்றில் கலவை எப்போது இறுகும், எப்போது ஏமாற்றும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சலித்து, கடைசியில் பழையபடி ஆட்களையே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தளம் என்றால் ஒரே ஊத்து. கடல் மறுபடி ஏறுவதற்குள் இந்த மூலையில் தொடங்கி அந்த மூலையில் முடித்துவிட வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு மிச்சத்தை நாளைக்கு ஊற்றினால் நடுவில் ஒட்டு விழும். ஒட்டு விழுந்த இடத்தில் தண்ணீர் கசியும், உள்ளே கம்பி துருவேறும், ஒரு நாள் தளம் தலையில் இறங்கும். வெயிலுமுத்துவின் தோள் தேய்ந்ததெல்லாம் இந்த ஒரே பாடத்தில்தான்.

"மத்தியானத்துக்கு மேல லீவாமே?" கலவைக் குழாயைப் பிடித்திருந்த தாசையா கீழிருந்து கத்தினான். "என்ன வே, பொண்ணு பாக்கப் போறீரா?"

"முறை மையத்துக்கு வே. செல்லக்கனிக்குப் பேச்சு வர வாய்த்துணை எழுதணும்லா. எந்த முறையில எழுதன்னு கேக்காங்க."

"எழுதுறது மெஷினு. அதுக்கு ஒம்மகிட்ட என்ன கேள்வி?"

"ஒரே ஊத்தா, சுத்தான்னு கேக்காங்க."

தாசையா குழாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டான். "சுத்துப் பக்கம் மட்டும் போயிராதயும். எம் மச்சினன் காலுல மாட்டுன மெஷினுக்குச் சுத்துதான் வாங்குனான். முதச் சுத்துல முட்டி மடங்கல. அடுத்த சுத்துல மடங்குச்சு, நிமிரல. பயல் பஸ்ஸுல ஏறுறத வேடிக்கை பாக்கதுக்குன்னே ஒரு கூட்டம் கூடும்."

"இப்ப?"

"இப்ப ஓடுதான்." ஒத்துக்கொள்ள மனமில்லாமல் சொன்னான். "ஆனா அது காலு வே. பேச்சு அப்படியா? பொண்டாட்டி பேச்சத் தவணையில வாங்குன முத ஆளு நீராத்தான் இருப்பீரு."

"முழுசா வாங்குனாலும் இவருதான வாங்கிக் கட்டிக்கிடணும்" என்றது சாரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். வெயிலுமுத்துவும் சிரித்தான். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள அவனுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை அந்தச் சாரத்தில் யாரிடம் சொல்ல முடியும்?

போன மழைக்காலத்தில் செல்லக்கனியின் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. உயிர் தப்பியது. வலது கை போனது, பேச்சு போனது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், அவளுக்குச் சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைபட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். தலையாட்டிக் காட்டலாமே என்றால் அதுவும் இல்லை. ஆமாம் என்று ஆட்ட நினைத்தால் இல்லை என்று ஆடும். இல்லை என்று நினைத்தால் இரண்டுமாக ஆடும். சில நாள் அவளுக்கே சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வாள்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் அவனே ஊகித்துச் செய்துவந்தான். வேலைக்குப் போகுமுன் தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிடுவான். குளிர் ஏறாமல் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்துவான். தெம்புக்கு என்று சீனியை அள்ளிப் போட்டு டீ கொடுப்பான். இடது கையால் அவள் டம்ளரைத் தள்ளினால், "சூடா இருக்கோ?" என்று ஆற்றி மறுபடி ஊட்டுவான். அவள் குடித்துவிடுவாள்.

முறை மையத்துக்கு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். பெரிய கூடம். வாய்க்கால் மடையைத் திறந்து மூட மென்பொருள் கேட்டு ஒரு கிராமத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். பார்வையில்லாத ஒருவர் தன் கைத்தடிக்கு வழி சொல்லும் புத்தி கேட்டுக் காத்திருந்தார்.

நிரல் எழுதுவது இப்போது ஒரு வேலையே இல்லை. நிரலி என்கிற மெஷின் டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடும். முன்னொரு காலத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்பதையும் அதுவே ஊகித்து எழுதிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் ஏறிய மென்பொருள்கள் கேட்காததையெல்லாம் செய்து, ஆட்களையே வேறு ஆட்களாக மாற்றிய பிறகுதான் சட்டம் வந்தது. உடம்போடும் ஊரோடும் ஒட்டி வாழ்கிற மென்பொருளை மனிதர் வாயால் கேட்டுத்தான் எழுத வேண்டும். எப்படிக் கேட்பது என்ற முறையையும் மனிதர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான். ரேகை முத்திரை விழுகிறவரை மனம் மாறலாம், விழுந்துவிட்டால் அவ்வளவுதான்.

அவர்களுக்கு வாய்த்த முறைகாட்டியின் பெயர் ஜெனிட்டா. சளி பிடித்து மூக்குச் சிவந்திருந்தாள். பேச்சுக்கு நடுநடுவே தும்மினாள்.

"ரெண்டு முறை இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு அருவி முறை. அந்தக் காலத்துல வாட்டர்ஃபால்னு சொல்வாங்க. அக்கா என்னென்ன பேசணும், எப்படிப் பேசணும், எல்லாத்தையும் முன்னாலயே சொல்லிரணும். நாங்க முழுத் திட்டமா எழுதி வாசிப்போம். நீங்க ரேகை வச்சா நிரலி ஒரே மூச்சுல எழுதிரும். மறுநாள் அக்கா முழுசா பேசுவாங்க. ஆனா அதுக்கப்புறம் ஒரு எழுத்துகூட மாத்த முடியாது."

"இதத்தான் எங்க ஆளுக ஒரே ஊத்துங்காங்க."

"ஆமா. இன்னொண்ணு சுற்று முறை. பழைய பேரு அஜைல். முதல் சுற்றுல இத்துணூண்டுதான் வரும். அத மாட்டிக்கிட்டு அக்கா வீட்டுலயும் தெருவுலயும் வாழணும். என்ன சரியில்லைன்னு ரெண்டு பேரும் வந்து சொல்லணும். அடுத்த சுற்றுல கொஞ்சம் திருத்துவோம், கொஞ்சம் சேப்போம். இப்படியே போகும். எப்ப முடியும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"எது நல்லதும்மா?"

"அதச் சொன்னா என் வேலை போயிரும். நான் கேள்வி மட்டும்தான் கேக்கலாம்." தும்மிவிட்டுச் சொன்னாள். "மன்னிச்சுக்கோங்க. இந்தத் தும்மலுக்குக்கூட இங்க அனுமதி வாங்கணும்."

வெயிலுமுத்துவுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அரைகுறைப் பேச்சோடு அவளை மீன் கடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். ஒன்று கேட்டால் வேறொன்று வரும். நாலு பேர் சிரிப்பார்கள். தாசையாவின் மச்சினன் பஸ்ஸில் ஏறியது கண்முன் வந்தது. பேச்சு என்பதும் ஒருத்தியின் தலைக்கு மேல் கூரை மாதிரிதான். துண்டு துண்டாக ஊற்றினால் ஒட்டு விழும், ஒட்டில் கசியும்.

"ஒரே ஊத்துதான்" என்றான்.

அதன்பின் ஞாயிறுதோறும் அவன் போய் உட்கார்ந்து சொன்னான். ஜெனிட்டா கேட்டாள், அவன் சொன்னான், நிரலி எழுதிக்கொண்டது. சாப்பிடக் கூப்பிடுகையில் என்ன சொல்வாள், விருந்தாள் வந்தால் என்ன சொல்வாள், சாமி கும்பிடும்போது முணுமுணுப்பது என்ன. முதலில் உற்சாகமாக இருந்தது. அவளைப் பற்றி இவ்வளவு நேரம் ஒருவரிடம் பேசியதே இல்லை.

"காலையில எந்திரிச்சதும் அக்கா முதல்ல என்ன சொல்வாங்க?"

அவன் யோசித்தான். அவள் நோயில் விழுமுன், காலையில் அவள் எழுகிற நேரத்தில் அவன் என்றைக்கு வீட்டில் இருந்திருக்கிறான்? கடல் எப்போது இறங்குமோ அப்போது அவனுக்கு வேலை.

"முருகான்னு சொல்வா" என்றான்.

"மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரங்களோட என்ன பேசுவாங்க?"

"பொம்பளைங்க பேச்சு... வெலவாசி, பிள்ளைங்க..."

தெரியாத இடங்களையெல்லாம் அவளுக்கு நல்லதாகவே வரும்படி நிரப்பினான். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. தளத்தில் குழி விட்டுப் போனால் கலவை வைத்துப் பூசுவதில்லையா, அப்படி.

முத்திரை நாளன்று செல்லக்கனியும் கூட இருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் நெற்றியில் எண்ணப் பட்டையைக் கட்டினார்கள். வாய்க்கு வராத சொல் உள்ளே எழும்போதெல்லாம் அதில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும்.

"என்ன சொல்ல நினைக்காங்கன்னு இது காட்டாது" என்றாள் ஜெனிட்டா. "ஏதோ சொல்ல நினைக்காங்கன்னு மட்டும் காட்டும். அத என்னன்னு புரிஞ்சு பேசுறதுதான் வாய்த்துணையோட வேலை."

நிரலி திட்டத்தை வாசிக்கத் தொடங்கியது. காலையில் முருகா என்பாள். சாப்பிட வாங்க என்பாள். உடம்பப் பாத்துக்கோங்க என்பாள். டீயில் சீனி தூக்கலாகக் கேட்பாள். ஜன்னலைச் சாத்தச் சொல்வாள்.

விளக்கு எரிந்தது. அணைந்து எரிந்தது. சீனிக்கு வந்தபோது பளீரென்று எரிந்தது.

"நல்லா எரியுதும்மா!" வெயிலுமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏளா, பாத்தியா? உனக்குப் பேசதுக்கு எவ்வளவு ஆசை!"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசிப்பு முடிந்தது. ஜெனிட்டா ரேகைப் பலகையை நகர்த்தி வைத்தாள். பலகையில் அருவிக்கு ஒன்று, சுற்றுக்கு ஒன்று என இரண்டு குழிகள். வெயிலுமுத்து கட்டைவிரலை நீட்டினான். எந்தக் குழி எதற்கு என்று தெரியாமல் கை நடுவில் நின்றது. நின்றதோடு இல்லாமல், அவனை அறியாமல் தலை கொஞ்சம் பின்னால் திரும்பிக் காது கொடுத்தது.

ஒரு சத்தமும் வரவில்லை.

எதற்குக் காது கொடுத்தோம் என்று அவனுக்கே ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் எதையாவது தேடி எடுக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அடுக்களையில் டப்பாவைத் தொடுவான், "அது இல்ல." பக்கத்து டப்பாவுக்குக் கை போகும், "அதுவும் இல்ல." கொடியில் துண்டை இழுப்பான், "அது இல்ல, எப்பா, கண்ணு எங்க இருக்கு?" அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். குரல் நிற்கிற இடத்தில் கை நிற்கும், அதுதான் சரியான டப்பா. அவள் வாயிலிருந்து அவன் அதிகம் கேட்ட சொல் அதுதான். இத்தனை ஞாயிறு உட்கார்ந்து சொன்னதில் அது எங்கேயும் இல்லை. அதை ஒரு பேச்சு என்றே அவன் நினைத்ததில்லை.

திரும்பிப் பார்த்தான். பட்டையில் விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது.

விரலை இழுத்துக்கொண்டான். "இதுல அவ எங்கயாவது 'அது இல்ல'ன்னு சொல்லுதாளாம்மா?"

ஜெனிட்டா நிரலியைக் கேட்டாள். இல்லை என்றது.

"'வேண்டாம்'?"

அதுவும் இல்லை.

"ஒரு வரிதான அண்ணாச்சி, சேத்துக்கலாம். இன்னும் முத்திரை விழலையே."

அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "சேத்தா அது ஒண்ணு வந்திரும். நான் விட்டது இன்னும் என்னென்ன கெடக்கோ, அதச் சொல்லதுக்கு யாரு இருக்கா? அவதான சொல்லணும்." குரல் இறங்கிவிட்டது. "நான் என் பொண்டாட்டியச் சொல்லலம்மா. வீட்டுக்கு வரும்போது எனக்கு யாரு இருந்தா நல்லாருக்கும்னு சொல்லியிருக்கேன்."

ஜெனிட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது சளிக்காகத்தானா என்று சொல்ல முடியாது. "சுற்றுக்கு மாறுதீங்களா? நான் ரெண்டு தடவ கேக்கணும், அது சட்டம். அரைகுறையாத்தான் பேசுவாங்க. தப்பாவும் பேசுவாங்க. வருசம்கூட ஆகலாம்."

வெயிலுமுத்து நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டான். "ஏளா கனி. சுத்துக்குப் போவோமா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். ஊரு சிரிக்கும். உனக்குச் சம்மதமா?"

விளக்கு பளீரென்று எரிந்தது. அது சம்மதமா, சம்மதமில்லையா? ஜெனிட்டாவுக்குத் தெரியாது. நிரலிக்கும் தெரியாது. அவள் தலை இரண்டு பக்கமும் ஆடியது. வேறு வழி இல்லாமல், அவளுக்காகக் கடைசி ஒரு தடவை அவனே ஊகித்து, எழுந்து போய்ச் சுற்றின் குழியில் விரலை வைத்தான்.

"முதல் சுற்றுல ஒரே ஒரு சொல்தான் வரும்" என்றாள் ஜெனிட்டா. "தண்ணி, வலி, பசி... எது வேணும்?"

"அது இல்லம்மா" என்றான் வெயிலுமுத்து. அவள் அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். "இல்ல, அதேதான்" என்று அவன் அவசரமாகச் சொன்னான். "'அது இல்ல'. அதத்தான் கேக்கேன்."

மறு ஞாயிறு வாய்த்துணையை மாட்டினார்கள். தொண்டைக்குழியில் ஒட்டுகிற சின்ன வில்லை. அதன் குரல் இன்னும் யாருடைய குரலும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிற குரல் மாதிரி இருந்தது. செல்லக்கனியின் குரல் நாலைந்து சுற்றுக்கு அப்பால்தான் என்று ஜெனிட்டா முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

திரும்பும் வழியில் படகு பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்து நீட்டினார்.

"அது இல்ல" என்றது வில்லை.

"என்ன இல்ல? கடைசி ஸ்டாப்தான?"

செல்லக்கனி இருமினாள். "அது இல்ல." இன்னொரு இருமல். "அது இல்ல. அது இல்ல."

பஸ் முழுக்கச் சிரித்தது. இதற்குத்தான் அவன் இத்தனை நாள் பயந்தான். முகம் சுண்டிப்போய் அவளைப் பார்த்தான். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று பதறிக் குனிந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, கண்ணில் நீர் வர, மழைக்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக. சிரிப்பையும் சொல் என்று எடுத்துக்கொண்டு வில்லை விடாமல் கத்தியது. "இருமலுக்குப் பேசுது, சிரிப்புக்குப் பேசுது" என்று அடுத்த சுற்றில் சொல்ல வேண்டியதை அவன் மனதில் குறித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து டீ போட்டான். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டம்ளரை நீட்டினான்.

"அது இல்ல."

"சூடா இருக்கா?"

"அது இல்ல."

"ஆறிட்டா?"

"அது இல்ல."

கை நின்றது. "சீனியா?"

வில்லை பேசவில்லை.

எழுந்து போய்ச் சீனி இல்லாமல் போட்டு எடுத்து வந்தான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை மாதமாக எவ்வளவு சீனிப்பாகை அவள் தொண்டையில் இறக்கியிருக்கிறோம் என்று நினைத்து அவனுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

அதன்பின் நிறுத்த முடியவில்லை. ஜன்னலைத் தொட்டான், சாத்துவது இல்லையாம். திறந்தான். உப்புக்காற்று உள்ளே வந்து அவள் முன்மயிரைக் கலைத்தது. பின்னலைக் காட்டினான், அது இல்ல. பிரித்துக் கொண்டையாக முடிந்தான்; வில்லை சும்மா இருந்தது. ரேடியோவில் அவன் தினமும் வைத்துவிட்டுப் போகிற பக்திப் பாட்டு, அது இல்ல. செய்தி, அது இல்ல. எங்கோ இரண்டு பெண்கள் யாரையோ பற்றிப் புறணி பேசுகிற நிகழ்ச்சி வந்ததும் வில்லை அடங்கிவிட்டது.

"அடிப்பாவி" என்றான் வெயிலுமுத்து. "நான் உனக்கு முருகான்னு எழுதிக் குடுத்தேன்."

கடல் ஏறத் தொடங்கியதற்கான சங்கு ஊதியது. கீழே தூண்களில் தண்ணீர் மோதுகிற சத்தம் திறந்த ஜன்னல் வழியாக வந்தது. இனிமேல் கேட்பதற்கு வீட்டில் பொருள் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்க ஸ்டூலை மறுபடி அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அன்னைக்கு ஆபீசுல..." என்று தொடங்கினான். "உனக்குச் சம்மதமான்னு தெரியாமலே நான் ரேகை வச்சேன். லைட்டு எரிஞ்சுது. எனக்கு ஒண்ணும் விளங்கல. நீ வேண்டாம்னு கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது." அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். "இப்பக் கேக்கேன். நான் வச்சது தப்பா?"

"அது இல்ல" என்றது வில்லை. உடனே, யோசிக்காமல்.

அவன் மூச்சு விட்டான். பிறகு, அவசரப்படக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மற்றதையும் கேட்டான். "அப்ப, உனக்குச் சம்மதந்தானா?"

காத்திருந்தான். அலை மோதியது, திரும்பியது, மோதியது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லை பேசவில்லை. மழைக்காலத்திலிருந்து அவள் மௌனம் அந்த வீட்டில் இருந்துகொண்டேதான் இருந்தது. பக்கத்தில் படுத்தது, கூடச் சாப்பிட்டது. அப்போதெல்லாம் அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்ததில்லை. இல்லை என்று சொல்ல முடிகிறவளின் மௌனம் இது.

அவனுக்குக் கேட்டுவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

"கனி" என்றான், "சம்மதந்தானா?"